கம்பெனி என்னும் சொல்

ஆங்கிலம் பயில்வோர் எளிதென எண்ணிக் கடந்துபோகும் சொற்களுள் 'கம்பெனி' என்பதும் ஒன்று. பம்பாயிலோ கல்கத்தாவிலோ உத்தியோகம் பார்க்கும் நம்மவர்க்கு அது மாதச் சம்பளம் தரும் நிறுவனம். அதற்குமேல் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆயினும் அச்சொல் பிறந்த இடம் கடைவீதி அன்று, உணவுப் பந்தி.

இலத்தீன் மொழியில் 'பானிஸ்' என்றால் ரொட்டி. 'கொம்' என்றால் உடன். ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன் எவனோ அவனே தோழன். இந்தப் 'பானிஸ்' போர்த்துக்கீசியர் வாயில் திரிந்து நம் மேற்குக் கரையில் இறங்கிற்று. பம்பாய்வாசிகள் காலையில் வாங்கும் 'பாவ்' அதுவே. இலங்கைத் தமிழர் அதனைப் 'பாண்' என்பர். பாவ் தின்றுவிட்டுக் கம்பெனிக்குப் புறப்படும் பம்பாய்த் தமிழர், ஒரே வேரில் கிளைத்த இரு சொற்களைப் பொழுது விடியுமுன்பே கையாண்டு விடுகிறார்!

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்த இச்சொல், தோழமையையும், தோழர் கூட்டத்தையும், படைப்பிரிவு ஒன்றையும், கூட்டு வணிகரையும் குறிக்கலாயிற்று. வணிகர் என்ற பொருளிலேதான் அது நம் நாட்டில் கரையேறியது. 1600 டிசம்பர் 31ஆம் நாள் எலிசபெத் அரசியிடம் சாசனம் பெற்ற இலண்டன் வணிகர், 1639இல் சென்னையில் நிலம் பெற்றனர். தமிழ் மக்கள் அவர்களைக் 'கும்பினியார்' என்றனர். புதுச்சேரியில் பிரெஞ்சு வணிகரும் கும்பினியாரே. வடக்கே அது 'கம்பெனி பகதூர்' ஆயிற்று. மரியாதைப் பன்மையும் பகதூர்ப் பட்டமும் பெற்ற பிறகு, அது வணிகர் கூட்டம் என்பதே மறந்துபோனதில் வியப்பில்லை.

1765இல் வங்காளம், பீகார், ஒரிஸா ஆகியவற்றின் வரி வசூலிக்கும் திவானி உரிமை கும்பினியின் கைக்கு வந்தது. ஐந்தாண்டு கழிவதற்குள் வங்காளத்தைக் கொடும்பஞ்சம் சூழ்ந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினரேனும் மாண்டனர் என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் மேலிடத்திற்கு எழுதினார். அப்படியிருந்தும் 1771இன் வரி வசூல் 1768இன் வசூலை விஞ்சியது என்பதையும் அவரே எழுதினார். உடனிருந்து உண்போர் என்று பொருள்படும் பெயரைத் தாங்கியவர்கள் நடத்திய வசூல் இது. அகராதிகள் இதைச் சொல்லா.

1833ஆம் ஆண்டுச் சட்டம் கும்பினியின் வாணிகத்தையே நிறுத்திவிட்டது. அதன் பின்னும் கால் நூற்றாண்டுக் காலம், வாணிகம் செய்யாத ஒரு வணிகர் கூட்டம் இந்தியாவை ஆண்டுகொண்டிருந்தது! 1858இல் ஆட்சி அரசியிடம் மாறிற்று. 1874இல் கும்பினி கலைந்தது. சொல் மட்டும் போகவில்லை. சகாரன்பூர் போன்ற வட இந்திய நகரங்களில் 'கம்பெனி பாக்' என்று ஊரார் வழங்கும் தோட்டங்களை அங்கு வாழும் நேயர்கள் அறிவர்.

தமிழ்நாட்டிலோ அச்சொல்லை நாடகக்காரர்கள் எடுத்துக்கொண்டனர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி போன்ற குழுக்களில் சிறுவர்கள் ஒன்றாகத் தங்கி, ஒரே பந்தியில் உண்டு, ஊர் ஊராகச் சென்று நடித்தார்கள். இலத்தீன் அறியாமலே அவர்கள் சொல்லின் பழம்பொருளுக்குத் திரும்பிவிட்டனர்.

இனி வழக்கிற்கு வருவோம். 'எ கம்பெனி' என்று முன்னே 'எ' சேர்த்தால் பெரும்பாலும் நிறுவனம் அல்லது குழு; அது சேராவிடில் பெரும்பாலும் தோழமை. 'ஐ ஹேவ் கம்பெனி' என்று அண்டை வீட்டு ஆங்கிலேயர் சொன்னால், அவர் தொழிலதிபர் ஆகிவிட்டார் என்று வாழ்த்த வேண்டா; வீட்டிற்கு விருந்தினர் வந்திருக்கிறார்கள் என்பதே பொருள். 'பேட் கம்பெனி' என்பது நொடித்த நிறுவனம் அன்று, தீய சேர்க்கை. 'பார்ட் கம்பெனி' என்றால் பிரிந்து செல்லுதல். நம் அலுவலகங்களில் 'கம்பெனி கொடுங்கள்' என்று தேநீருக்கு அழைக்கிறோமே, அதை ஆங்கிலேயர் 'கீப் கம்பெனி' என்பர். கொடுத்தல் என்பது நாம் இந்திய மண்ணில் சேர்த்தது.