குகை காத்தவர்கள்

புதையல் என்றதும் நம் நினைவுக்கு வருவது பூதம் காக்கும் கொப்பரையும், மை போட்டுப் பார்க்கும் மந்திரவாதியும்தான். அமெரிக்காவில் அந்த மந்திரவாதியின் வேலையை இப்போது வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் செய்கின்றன. அவை காட்டும் இடத்தில் கிடைப்பது பொன் அல்ல. ஒரு சின்ன டப்பா, அதற்குள் ஒரு குறிப்பேடு, சில விளையாட்டுச் சாமான்கள்!

இதற்கு ஜியோகேஷிங் என்று பெயர். இது பிறந்த கதை சுவையானது. அமெரிக்க ராணுவம் தன் உபயோகத்துக்காக ஏவிய செயற்கைக் கோள்கள் பொதுமக்களுக்கும் இடம் காட்டின. ஆனால் வேண்டுமென்றே சற்றுப் பிழையாகக் காட்டின. 2000-ம் ஆண்டு மே 2-ம் தேதி கிளின்டன் அரசாங்கம் அந்தப் பிழையை நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, இருக்கும் இடத்தை ஊரறியச் சொல்லிவிட்டார்! எடுப்பவர் பதிலுக்கு ஒரு பொருளை வைக்க வேண்டும். குறிப்பேட்டில் பெயர் எழுத வேண்டும். சட்டம் அவ்வளவே. பூட்டும் இல்லை, பூதமும் இல்லை.

இத்தகைய தேட்டத்துக்கு வாகான இடங்களில் ஒன்று, விஸ்கான்ஸின் மாநிலத்தில் எல்ராய் என்னும் ஊரிலிருந்து ஸ்பார்ட்டா வரை 32 மைல் நீளும் சைக்கிள் பாதை. குன்றும் பள்ளமுமான சீமைதான். ஆனாலும் சைக்கிள்காரருக்கு அவ்வளவாக மூச்சு வாங்குவதில்லை. காரணம், அந்தப் பாதை சைக்கிளுக்காகப் போட்டதே அல்ல. செங்குத்தான மேட்டில் ரயில் ஏறாது அல்லவா? அதற்காகக் குன்றுகளைக் குடைந்து, சிக்காகோ அண்டு நார்த் வெஸ்டர்ன் கம்பெனி 1873-ல் முடித்த ரயில் தடம் அது. வழியில் மூன்று குகைகள். அவற்றில் பெரியது 3,810 அடி. முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவு.

குடைந்ததோடு வேலை தீர்ந்துவிடவில்லை. குகைக்குள் சதா நீர் கசியும். குளிர்காலத்தில் அந்த நீர் பாறை இடுக்கில் உறைந்து, பருத்து, பாறையையே பிளந்துவிடும். ஆகவே குகை வாயில்களில் கோயில் கதவு போன்ற பெரிய மரக் கதவுகளைப் பொருத்தினார்கள். ரயில் வரும்போது திறக்கவும், போனபின் மூடவும் காவற்காரர்கள் இருந்தார்கள். எண்ணிப் பாருங்கள்! வெளியே பனி கொட்டுகிறது, நடுநிசி. வண்டிக்குள் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உறங்கிய பிரயாணிக்கு, தனக்காக ஒருவன் கதவு திறந்து நின்றது தெரிந்திருக்குமா?

காலம் மாறிற்று. 1964-ல் கம்பெனி அந்தத் தடத்தைக் கைவிட்டது. அப்போது அதைத் துண்டு துண்டாக விற்றிருந்தால், ஆளுக்கொரு வேலி போட்டிருப்பார்கள்; அந்த 32 மைலை மறுபடி ஒட்டவைக்க யாராலும் முடிந்திராது. நல்ல வேளையாக 1965-ல் மாநில அரசாங்கமே முழுத் தடத்தையும் வாங்கி, 1967-ல் சைக்கிள்களுக்குத் திறந்துவிட்டது. கைவிட்ட ரயில் தடங்களை இப்படி மாற்றும் வழக்கத்துக்கு அமெரிக்காவில் வழிகாட்டியவற்றுள் இதுவும் ஒன்று. லாபத்துக்காகப் போட்ட பாதை, லாபம் போன பிறகே எல்லோருக்கும் சொந்தமாயிற்று!

பெரிய குகை வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கி, விளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். உள்ளே ஒரே இருட்டு. மேலேயிருந்து நீர் சொட்டும். வானத்துக் கோள்களின் பார்வை மலைக்கு அடியில் எட்டாது, கைக்கருவி திகைத்துப்போகும். குகைக்கு வெளியே எங்கோ ஒரு டப்பாவிலுள்ள குறிப்பேட்டில், அரை நாழிகை வந்து போனவனுடைய பெயர்கூட இருக்கும். ஆண்டுக்கணக்காகக் கதவைத் திறந்து மூடியவர்களின் பெயரை வழிப்போக்கர் அறியமாட்டார். ஆனால் அவர்கள் பனிக்குக் கொடுக்காமல் காத்த பாறை, அவர் தலைக்கு மேலே இன்றும் நிற்கிறது.