தோட்டத்து மருந்தும் தொழிலாளர் உரிமையும்

'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் பெருமான் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்வோன் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால்தான் மருத்துவம் நிறைவு பெறும் என்பது அவர் கருத்து. இந்நாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் வரலாற்றை நோக்கினால், ஐந்தாவது கூறு ஒன்றும் வேண்டியிருந்தமை புலனாகும். மருத்துவச் செலவை ஏற்பவர் யார் என்பதே அது.

இக்கேள்விக்குக் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் மூன்று விடைகள் கிடைத்தன. முதலில் முதலாளியின் விருப்பம், அடுத்து அரசின் சட்டம், பின்னர்த் தொழிலாளர் சங்கத்தின் ஒப்பந்தம் என அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இம்மூன்றையும் நிபோங் திபால் வட்டாரம் நேரில் கண்டது.

கரும்புக் காலம்

கிரியான் ஆற்றின் வடகரையில், பினாங்கு மாநிலத்தின் தென் எல்லையில் அமைந்தது நிபோங் திபால். இரப்பர் வருமுன் இங்குக் கரும்பே தலைமைப் பயிர். கலிடோனியா, பைராம், வால்டோர், பத்து காவான் முதலிய பெயர்கள் அக்காலக் கரும்புத் தோட்டங்களை நினைவூட்டுவன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர் பினாங்கில் இறங்கி, இத்தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தனர்.

சதுப்பு நிலத்தைத் திருத்திக் கரும்பு நட்டவர்களை முறைக்காய்ச்சலும், வயிற்றுப்போக்கும், ஆறாப் புண்ணும் வாட்டின. கடன்பட்டுக் கப்பலேறியவனுக்கு நோய் இருமடங்குத் துன்பமாயிற்று. படுத்த நாளுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாவிடில் கடன் கழியாது. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியினின்று பிரிந்து இலண்டன் குடியேற்ற அலுவலகத்தின் கீழ் வந்தன. அதன்பின் இந்தியக் குடியேற்றத்தைச் சட்டமுறைப்படுத்த வேண்டிய தேவை எழுந்தது. 1870களிலும் 1880களிலும் பிறந்த சட்டங்கள், தோட்டத்தில் மருத்துவமனை இருத்தல் வேண்டும் என்று விதித்தன. விதி ஏட்டில் ஏறியது. ஆயினும் அங்கே படுக்கை எத்தனை, மருந்து யாது, கவனிப்பவர் யார் என்பவை துரையின் மனத்தையும் தோட்டத்தின் வருவாயையும் பொறுத்தே அமைந்தன.

காய்ச்சலும் கணக்கும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. முறைக்காய்ச்சலைக் கொசுவே பரப்புகிறது என்பதை 1897இல் ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர், அவ்வுண்மையை மலாயாவில் செயற்படுத்தினார். நீர் தேங்கிய இடங்களுக்கு வடிகால் வெட்டியும் புதர்களை அழித்தும் காய்ச்சலைக் குறைக்கலாம் என்று அவர் காட்டினார். கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் கிட்டிய பயனைக் கண்ட பின்னர், தோட்ட முதலாளிகளும் வடிகாலுக்கும் கொயினா மருந்துக்கும் பணம் ஒதுக்கத் தொடங்கினர். விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களுக்குக் கொயினா கொடுப்பது பல தோட்டங்களில் வழக்கமாயிற்று.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். கடல் கடந்து ஓர் ஆளை அழைத்துவர முதலாளிக்குச் செலவு உண்டு. அவன் வந்த சில திங்களில் இறந்தால் அச்செலவு வீண். நோயில் கிடந்தால் வெட்டு மரம் வெட்டப்படாமல் நிற்கும். ஆகவே நலமான தொழிலாளி இலாபம் தருவான் என்னும் கணக்கே இம்முதல் விடையின் அடிப்படை. அக்கணக்கால் பல உயிர்கள் பிழைத்தன என்பதை மறுத்தல் இயலாது. ஆனால் விலை வீழ்ச்சி நேரும்போது கணக்கும் மாறும். கொடுத்த கையே நிறுத்தவும் வல்லது. அத்தகைய உதவியை உரிமை என்று கூறவியலாது.

சட்டம் தந்தது

இந்தியருக்கான ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் முடிவுற்றது. 1922இல் இந்திய அரசு குடிப்பெயர்வுச் சட்டத்தை இயற்றியது. அதன் வற்புறுத்தலால் 1923இல் மலாயாவில் தொழிலாளர் சட்டங்கள் புதுப்பிக்கப்பட்டன. மருத்துவமனை, குடிநீர், குடியிருப்பு, பேறுகால உதவி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் ஒரு பள்ளி என்பன அச்சட்டங்களில் இடம்பெற்றன. தோட்டத் தமிழ்ப்பள்ளியும் தோட்ட மருத்துவமனையும் ஒரே சட்டத்தின் நிழலில் வளர்ந்தவை என்பதைத் தமிழாசிரியர்கள் நினைவிற் கொள்ளத் தகும்.

இந்திய அரசின் பேராளர் ஒருவரும் கோலாலம்பூரில் அமர்த்தப்பட்டார். தோட்டந்தோறும் சென்று நிலைமையை எழுதுவது அவர் பணி. 1936 இறுதியில் மாண்புமிகு வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரும் வந்து பார்த்து அறிக்கை அளித்தார். எனினும் சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது; அறிக்கையும் ஆங்கிலத்தில் இருந்தது. யாருக்காக அவை எழுதப்பட்டனவோ அவர்களுள் மிகப் பலர் தமிழும் படிக்க அறியாதவர். சிறு மருத்துவமனையில் டிரெஸ்ஸர் கொடுத்ததே மருந்து; கிராணி சொன்னதே சட்டம். இரண்டாம் விடையின் குறை இதுவே.

கேட்கத் தொடங்கிய காலம்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் இந்நிலையை உடைத்தது. அதனை நடத்தியோருள் முதன்மையானவர் ஆர். எச். நாதன். ஊதிய உயர்வு, சங்கம் அமைக்கும் உரிமை, துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் இழிவுக்கு முடிவு ஆகியவற்றோடு, தக்க மருத்துவ வசதியும் தொழிலாளர் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது; தொழிலாளர் சிலர் சுடப்பட்டு உயிர் நீத்தனர். போராட்டம் ஒடுங்கிற்று. ஆயினும் அன்றுவரை கொடையாகப் பெற்ற மருந்தை அன்று அவர்கள் கோரிக்கையாகக் கேட்டனர். அச்சொல் மாற்றம் பெரிது.

அதன்பின் சப்பானியர் ஆட்சியும், சயாம்–பர்மா இரயில்பாதையில் ஆயிரமாயிரவர் நோயால் மடிந்த கொடுமையும், 1948இல் அவசரகாலமும் தொடர்ந்தன. 1954இல் பல மாநிலங்களின் சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் பொதுச்செயலாளராக விளங்கினார். முதலாளிகள் சங்கத்தோடு ஒரே மேசையில் அமர்ந்து, நாடு முழுமைக்கும் பொருந்தும் ஒப்பந்தம் செய்யும் வாய்ப்பு அதனால் பிறந்தது. சங்கத்தின் 'சங்கமணி' தமிழில் வெளிவந்து தொழிலாளர் கைக்குச் சென்றது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் அதன் பொருள் தமிழில் பேசப்பட வழி ஏற்பட்டது. கடிதமும் விண்ணப்பமும் எழுதிக் கொடுத்துப் பழகிய தோட்டப் பள்ளி ஆசிரியரின் திண்ணை, அதனை விளக்கும் இடமுமாயிற்று.

1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் இம்மூன்றாம் விடைக்கு வலுவூட்டியது. கூட்டு ஒப்பந்தம் தொழில் நீதிமன்றத்தின் ஏற்பைப் பெற்றால், அது அந்நிறுவனத்தில் வேலை செய்யும் எல்லாத் தொழிலாளரையும் பிணிக்கும். சங்கத்தில் சேராதவருக்கும் பின்னர் வேலைக்கு வருபவருக்கும் அதன் பயன் உண்டு. ஒப்பந்தக் காலம் மூன்றாண்டுக்குக் குறையலாகாது. முதலாளி ஒரு நாள் மனம் மாறி மருந்தை நிறுத்துதல் இனி இயலாது.

ஒரு பிரிவைப் படிக்கும் முறை

உரிமை எழுத்தில் வந்தபின் அதனைப் படிக்கத் தெரிதல் வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பை அது வரையறுக்கிறது. இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டில் 14 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். முன்னர் இந்த 60க்குள் முற்கூறிய நாள்களும் அடங்கின. 2023 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்திற்குப் பின் அவை தனித்தனியே எண்ணப்படுகின்றன. 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவில்லையேல், மருத்துவர் சான்று இருந்தும் அனுமதியின்றி வராதவராகவே கருதப்படுவார்.

இனி, சொல்லை நுணுகி நோக்குக. முதலாளியின் செலவில் நடைபெற வேண்டும் என்று அப்பிரிவு சொல்வது பரிசோதனையை மட்டுமே. மருந்து, சிகிச்சை, அறுவை ஆகியவற்றின் செலவைப் பற்றி அப்பிரிவில் பேச்சில்லை. பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு. இரண்டையும் ஒன்றென மயங்கியவர், மருந்துச் சீட்டுக்குப் பணம் கட்டும்போதுதான் வேறுபாட்டை உணர்வர்.

பல்லுக்கு வரும்போது சொல் இன்னும் குறுகுகிறது. பல் மருத்துவர் பரிசோதித்தபின் நோய் விடுப்புப் பெறலாம் என்று அப்பிரிவு கூறுகிறது. அந்நாள்களும் முன் சொன்ன 14, 18, 22 என்னும் கணக்கிற்குள் அடங்கும். பல்லை அடைக்கவோ, பிடுங்கவோ, பொய்ப்பல் கட்டவோ ஆகும் செலவை முதலாளி தரவேண்டும் என்று அதில் இல்லை. ஆகவே விடுப்பைச் சட்டம் தரும். செலவை ஒப்பந்தந்தான் தர முடியும். ஒப்பந்தத்தில் பல் என்னும் சொல் இல்லையேல், வலியும் செலவும் தொழிலாளியுடையவை. சட்டத்தினும் குறைந்ததை ஓர் ஒப்பந்தம் விதித்தால் அது செல்லாது. மிகுந்ததைத் தந்தால் செல்லும். சட்டம் தரை என்றால் ஒப்பந்தம் அதன்மேல் எழுப்பும் சுவர்.

இந்த வேற்றுமைக்கு வரலாறும் சான்று கூறும். நாட்டில் பல் நலம் முதலில் பள்ளிப் பிள்ளைகள் வழியாகவே பரவியது. 1921இல் நியூசிலாந்து தொடங்கிய முறையைப் பின்பற்றி, 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்றோர் பள்ளிகளுக்குச் சென்று சிறுவர் பற்களைக் காத்தனர். பிள்ளையின் பல்லை அரசு பார்த்தது. பால் மரத்தடியில் நாளெல்லாம் நின்ற தாயின் பல்லைப் பார்ப்பது யார் பொறுப்பு என்பது எழுதப்படாமலே இருந்தது.

வேலையில் நேரும் விபத்துக்கு வேறு வழி உண்டு. 1952இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சொக்சோ 1971இல் செயற்படத் தொடங்கியது. வேலையிடத்திற்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் அதில் அடங்கும். ஆனால் காய்ச்சலும் பல்வலியும் வேலை விபத்தாகா. எந்த நோய்க்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அறியாதவன், எல்லாக் கதவும் மூடியிருப்பதாகவே எண்ணுவான்.

தோட்டம் போனபின்

கரும்பு போய் இரப்பர் வந்தது; இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பத்து காவானில் தொழிற்சாலைகள் எழுந்தன; 2014இல் இரண்டாம் பினாங்குப் பாலம் அங்குக் கரையேறிற்று. தோட்டத்தோடு பிணைந்திருந்த மருத்துவமனையும் ஆயாக் கொட்டகையும் தோட்டம் மறையும்போது உடன் மறைந்தன. தோட்டப் பிள்ளைகளின் பிள்ளைகள் தொழிற்சாலையிலும் கடையிலும் வேலை பார்க்கின்றனர். பலருக்குச் சங்கம் இல்லை. கையிலுள்ளது வேலை நியமனக் கடிதம் ஒன்றே. இன்று செம்பனைக் குலை வெட்டும் வேலையில் அயல்நாட்டவர் பலர் உள்ளனர். 2019 முதல் அவர்களும் சொக்சோவின் விபத்துக் காப்பில் சேர்க்கப்பட்டனர். தமிழர் ஒருகாலத்தில் இருந்த நிலையில், மொழி அறியாமல், இன்று அவர்கள் நிற்கின்றனர்.

படித்தவருக்கு இக்கவலை இல்லை என்று கருதுதல் தவறு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001 முதல் நிபோங் திபாலில் உள்ளது. பட்டமேற்படிப்பு மாணவர், படித்துக்கொண்டே ஆய்விலும் கற்பித்தலிலும் உதவியாளராக உழைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அவர் மாணவரா, தொழிலாளரா? அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் உதவியாளர் 1966இல் சங்கம் அமைத்து, வேலைநிறுத்தத்திற்குப் பின் 1970இல் ஒப்பந்தம் பெற்றனர். தனியார் பல்கலைக்கழகங்களின் மாணவ உதவியாளரும் தொழிலாளரே என்று அந்நாட்டுத் தேசியத் தொழிலுறவு வாரியம் 2016இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் முடிவு செய்தது. அவர்தம் பேச்சுவார்த்தைகளிலும் உடலுக்கு ஒரு காப்புறுதி, பல்லுக்கு வேறொன்று என்ற பிரிவினை உண்டு. கரும்புத் தோட்டத்துக் கூலிக்கும் ஆய்வுக்கூடத்து அறிஞருக்கும் ஐந்தாவது கேள்வி ஒன்றே.

ஆசிரியர் ஆற்றத்தக்கது

இவ்வரலாறு காட்டும் உண்மை எளியது. கொடையாக வந்த மருந்து கொடுத்தவர் விருப்பத்தோடு நின்றது. சட்டமாக வந்த மருந்து, படிக்கத் தெரியாதவரை எட்டவில்லை. ஒப்பந்தமாக வந்த மருந்து, பொருள் விளங்கியவருக்கே முழுப் பயன் தந்தது. மூன்றாம் படியில் ஏறி நின்றும், கையொப்பமிட்ட தாளைப் படிக்காதவர் முதற்படியிலேயே நிற்கிறார்.

உயர்வகுப்பு மாணவர்க்குக் கடிதம் எழுதக் கற்பிக்கும் தமிழாசிரியர், வேலைக் கடிதம் ஒன்றைப் படிக்கவும் கற்பிக்கலாம். ஐந்து வினாக்கள் போதும். பரிசோதனைச் செலவு மட்டுமா, சிகிச்சைச் செலவும் உண்டா? ஆண்டிற்கு எவ்வளவு வரை? மனைவி மக்களுக்கும் பொருந்துமா? பல்லும் கண்ணும் பெயர் குறித்துச் சொல்லப்பட்டுள்ளனவா? வேலை நின்றபின் எதுவரை செல்லும்? இவற்றுக்கு விடை தேடும் பிள்ளை, தன் தாத்தா கேட்கத் தெரியாமல் இழந்ததைக் கேட்டுப் பெறும்.