சமூகவழி இயற்கைப் பாதுகாப்பு: புதுக்கோட்டையும் அண்டை மாவட்டங்களும்

சமூகவழி இயற்கைப் பாதுகாப்பு என்பது, ஒரு காட்டையோ கண்மாயையோ கடற்பரப்பையோ சார்ந்து வாழும் மக்களே அதைக் காக்கும் பொறுப்பையும் அதன் பயனை வரையறுக்கும் உரிமையையும் தாமாகவோ அரசுடன் பகிர்ந்தோ ஏற்கும் முறையாகும். மக்களை வெளியேற்றி எல்லைக்கல் நட்டுக் காக்கும் முறையிலிருந்து இது அடிப்படையில் வேறுபடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் உட்பகுதியில் உள்ள கோயில்காடுகள் இம்முறையின் மரபு வடிவத்தையும், கடலோரத்தில் உள்ள கடற்பசுப் பாதுகாப்பகம் அதன் சட்ட வடிவத்தையும் காட்டுகின்றன.

கோயில்காடுகள்

புதுக்கோட்டை நகரைச் சேர்ந்த திருக்கோகர்ணத்தில், குடைவரையாகத் தொடங்கி விரிவடைந்த கோகர்ணேசுவரர் கோயிலின் தலமரம் மகிழமரம் ஆகும். தல மரபு அவ்விடத்தை மகிழவனம் என்று குறிக்கிறது. மரத்தையும் வனத்தையும் தெய்வத்தோடு இணைத்துப் போற்றும் இவ்வழக்கம், ஊர்ப்புறங்களில் ஐயனார், கருப்பர், காளி முதலிய தெய்வங்களின் கோயில்களைச் சூழ்ந்த கோயில்காடுகளாக நிலைபெற்றுள்ளது. இக்காடுகளில் விறகு வெட்டுவதும் பச்சை மரத்தில் கத்தி வைப்பதும் தெய்வக் குற்றமாகக் கருதப்படுகின்றன. பல ஊர்களில் உதிர்ந்த சுள்ளியைக்கூட வீட்டு அடுப்புக்கு எடுத்துச் செல்வதில்லை. வேளார்கள் வனைந்த மண்குதிரைகளை ஊர்மக்கள் சுமந்துசென்று ஐயனாருக்குப் படைக்கும் புரவியெடுப்பு விழா, அக்காடு ஊர் முழுமைக்கும் உரியது என்பதைத் தலைமுறைதோறும் உறுதிசெய்கிறது. ஆலங்குடிப் பகுதியில் வில்லுன்னி ஆற்றங்கரையில் அமைந்த குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலும் அதன் பெருங்குதிரைச் சிலையும் இம்மரபின் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள்.

இக்காடுகள் பலவற்றில் எஞ்சியிருப்பது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு எனப்படும் அரிய காட்டுவகையாகும். வடகிழக்குப் பருவமழையை நம்பிச் சோழமண்டலக் கரைச் சமவெளியில் வளரும் இக்காட்டின் மரங்கள் அதிக உயரம் வளராமல், தடித்த சிறு இலைகளுடன், நீண்ட கோடையிலும் பசுமை குன்றாமல் நிற்கும். பாலை, வீரை, காசா, நாவல் ஆகியவை இதன் முதன்மை மரங்கள். சமவெளி முழுவதும் வயலாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்ட நிலையில், இத்தாவரங்களின் விதைகளும் அவற்றை நம்பிய பறவைகளும் ஊர்க் கட்டுப்பாட்டினாலேயே பிழைத்துள்ளன.

கண்மாய்களும் பறவைகளும்

அண்டை மாவட்டமான சிவகங்கையில், திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆயினும் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் தம் கண்மாய்களுக்கு வரும் பறவைகள் அஞ்சி விலகாதிருக்கத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை என்ற கட்டுப்பாடே அதன் உண்மையான காவலாகும். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் பாதுகாப்பின் காரணம் இன்னும் வெளிப்படையானது: பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகப் பயன்படுவதை அறிந்த உழவர்கள், பறவைகளைச் சுடக்கூடாது என்ற உரிமையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து ஆவணமாகப் பெற்றனர், அது 1858இல் புதுப்பிக்கப்பட்டது.

பாக் விரிகுடா கடற்பசுப் பாதுகாப்பகம்

1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி இரு புதிய வகைகள் சேர்க்கப்பட்டன. அரசு நிலத்தையோ நீர்ப்பரப்பையோ அங்குள்ள மக்களின் கருத்தைக் கேட்டு அறிவிப்பது பாதுகாப்பகம் எனவும், தனியாரோ சமூகமோ தம் நிலத்தைத் தாமே முன்வந்து அளிப்பது சமூகப் பாதுகாப்பகம் எனவும் வழங்கும். முதல் வகையின்கீழ், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பில், இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது.

மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, கடலடியில் வளரும் கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டியாகும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு கன்றை ஈனுவதால், சில உயிர்களின் இழப்பும் அதன் எண்ணிக்கையை வெகுவாகப் பாதிக்கிறது. அது மூச்சுவிட மேற்பரப்புக்கு வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூழ்கி இறந்துவிடும். ஆகவே வலையை இழுக்கும் மீனவரே அதைக் காப்பாற்றக்கூடிய முதல் மனிதர். சிக்கிய கடற்பசுக்களை வலையை அறுத்துக் கடலில் விடும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்குகிறது. இந்தியக் காட்டுயிர் நிறுவனம் மீனவர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை அளித்துள்ளது. கடற்புல் வெளிகள் இறாலுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் வளரிடமாதலால், அவற்றைக் காப்பது மீனவர்களின் பிழைப்பையும் காப்பதாகும்.

அரிட்டாபட்டி

உயிரியற் பன்மைச் சட்டம் 2002இன்படி, மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்ப்பகுதிகள் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. குன்றுகளும் சுனைகளும் ஏரிகளும் நிறைந்த இப்பகுதியில் ஏறத்தாழ 250 பறவை வகைகள் பதிவாகியுள்ளன. 2024இன் இறுதியில் இத்தலத்தையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏல முடிவு வெளியானபோது, சுற்றுவட்டார ஊர்மக்கள் கிராமசபைத் தீர்மானங்களாலும் தொடர் போராட்டங்களாலும் எதிர்த்தனர். 2025 சனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடு 2025இல் இவ்வகைத் தலமாக அறிவிக்கப்பட்டமை, கோயில்காட்டு மரபு சட்டப் பாதுகாப்பைப் பெற முடியும் என்பதற்குச் சான்றாகும்.

பிற நாடுகளும் மாநிலங்களும்

நாகாலாந்தின் கோனோமா ஊர் மக்கள் வேட்டையைத் தாமே தடைசெய்து 1998இல் தம் காட்டைச் சரணாலயமாக்கினர். நேபாளத்தின் அன்னபூர்ணாப் பகுதியில் சுற்றுலாக் கட்டணம் உள்ளூர்ப் பணிகளுக்குச் செலவிடப்படுகிறது. நமீபியா 1996இல் இயற்றிய சட்டம், ஊர்ப்புற மக்கள் தம் நிலத்துக் காட்டுயிர்களை நிருவகித்து அதன் வருவாயைப் பெற வழிசெய்தது.

இடர்களும் மதிப்பீடும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் வனநிலங்களின் பெரும்பரப்பு காகிதக் கூழுக்கான தைலமரத் தோட்டங்களாக மாற்றப்பட்டது. தோட்டங்களில் எழுப்பும் வரப்புகள் கண்மாய்களுக்கான நீர்வரத்தைத் தடுப்பதாகக் கூறி உழவர்கள் நெடுங்காலமாக எதிர்த்துவருகின்றனர். சீமைக்கருவேல் பரவலும், கோயிலை விரிவாக்க மரங்களை அகற்றி எழுப்பும் கான்கிரீட் மண்டபங்களும் கோயில்காடுகளைக் குறுக்குகின்றன. தெய்வ அச்சம் குறையும் தலைமுறையில் மரபு மட்டும் காவலாகாது. மக்களின் பங்கு இல்லாத இடத்தில் அரசாணை மட்டும் காவலாகாது. எனவே ஒவ்வொரு கோயில்காட்டையும் அளந்து எல்லை வரையறுத்து, உயிரியற் பன்மைச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் அமைய வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் பதிவேட்டில் சேர்ப்பதும், அதன் பராமரிப்பை ஊர்மக்களிடமே ஒப்படைப்பதும் இன்று செய்யத்தக்க முதற்பணிகளாகும்.