காலம் கெட்டுப் போச்சா? தொட்டியம் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு

தொட்டியத்தில் டீக்கடையில் உட்கார்ந்து எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும், கடைசியில் பேச்சு "காலம் கெட்டுப் போச்சு" என்ற இடத்தில்தான் வந்து நிற்கும். மழை இல்லையா, காலம் கெட்டுப் போச்சு. பூவன் தார் விலை போகலையா, அதுக்கும் அதேதான். இணையத்தில் இதற்கு நேர் எதிரான கூட்டம் ஒன்று இருக்கிறது. 1800-ல் உலகில் பிறந்த பத்துக் குழந்தைகளில் நாலு ஐந்து வயதைத் தாண்டவில்லை, இன்றைக்கு நூற்றில் நாலு கூட இல்லை என்று வரைபடத்தை நீட்டுவார்கள். அந்தக் கணக்கு சரியானதுதான். இரண்டு தரப்பையும் இந்தக் காவிரி வடகரையிலேயே வைத்து உரசிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில், கெட்டுப் போவதற்கு முன்னால் இருந்த அந்த நல்ல காலம் எது?

சோழர் காலம் என்பார்கள். முசிறி போகிற வழியில் சீனிவாசநல்லூரில் குரங்குநாதர் கோயில் நிற்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் கற்றளி, பத்தாம் நூற்றாண்டு. அந்தச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அது பொற்காலமாகத்தான் தெரியும். ஆனால் இதே காவிரி கீழே போய்ப் பாயும் திருப்பாம்புரத்தில் வேறொரு கல்வெட்டு இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சி, 1201-ஆம் ஆண்டு. பஞ்சம், விலை ஏற்றம். வேளாளர் ஒருவர் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொள்கிறார். நிலம் உள்ள சாதியிலேயே இந்த நிலை என்றால், நிலமே இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லாது. விற்க ஏதாவது இருந்தவன் பெயரைத்தான் கல்லில் வெட்டுவார்கள்.

சரி, அவ்வளவு பின்னால் போக வேண்டாம். பாட்டன், பூட்டன் காலத்தையே எடுத்துக்குவோம். 1876-78 பஞ்சம், நம்ம ஊர்ப் பேச்சில் தாது வருஷப் பஞ்சம். தொட்டியம் அப்போது முசிறி தாலுகாவில் ஓர் ஊர். மேற்கே அடுத்து இருப்பது நாமக்கல், அன்றைக்கு சேலம் மாவட்டம். அந்த சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்புக்கும் 1881 கணக்கெடுப்புக்கும் நடுவில் ஜனத்தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று வேலை செய்தால் ஆள் செத்துப்போவான் என்று சண்டை போட்டார். அதற்கப்புறம்தான் கூலி கொஞ்சம் ஏறியது.

அடுத்து 1918 விஷக்காய்ச்சல். 1921 கணக்கெடுப்பில் மொத்த இந்தியாவின் ஜனத்தொகையே முந்தைய கணக்கைவிடக் குறைந்திருந்தது. காலரா, பெரியம்மை எல்லாம் வருஷா வருஷம் வந்து போகிற விருந்தாளிகள். இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது 1975-ல்தான். 1971-ல்கூட தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அந்த எண் 13.

இந்த 113-க்கும் 13-க்கும் முன்னால் வேறெந்த வாதத்தையும் என்னால் வைக்க முடியாது. "அந்தக் காலத்துல பத்துப் பெத்தாங்க, ஆரோக்கியமா இருந்தாங்க" என்கிறவரிடம், பத்தில் எத்தனை தங்கியது என்று கேட்டுப் பாருங்க.

இத்தோடு முடித்தால் நானும் வரைபடக் கூட்டத்தில் ஒருத்தன் ஆகிவிடுவேன். ஆற்றுப் பக்கம் போனால் கதை வேற.

1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம். மறுவருஷம் மேட்டூரில் அணை வேலை தொடங்கியது, 1934-ல் முடிந்தது. 93.47 டிஎம்சி. வெள்ளம் அடங்கியது, டெல்டாவுக்கு முறை வைத்துத் தண்ணீர் வந்தது. பவானிசாகர் 1955-ல், அமராவதி அணை 1957-ல். எல்லாமே நல்லதுக்குத்தான். ஆனால் அணை பிடித்து வைப்பது தண்ணீரை மட்டுமில்லை. மேலே இருந்து உருண்டு வரும் மணலும் அங்கேயே தங்கிவிடும். தொட்டியத்துக்கு எதிரில் கிடந்த மணல் பல நூற்றாண்டுச் சேமிப்பு. வரவு நின்றுபோன கணக்கு அது.

செலவு எங்கே ஆரம்பித்தது? வீட்டில். கீற்றுக் கொட்டகை போய் கான்கிரீட் வந்தது. இதைக் கேலி செய்யக் கூடாது. 2004 ஜூலை 16-ந்தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை பற்றி 94 குழந்தைகள் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக் கூரைகளில் இருந்து கீற்று இறங்கியது. கீற்று போன இடத்தில் தளம் போட மணல் வேண்டும். அது காவிரியிலும் கொள்ளிடத்திலும் பாலாற்றிலும் இருந்துதான் வந்தது. வெயிலில் வெந்த, மழையில் ஒழுகிய வீட்டில் இருந்தவனுக்குக் கான்கிரீட் வீடு பெரிய முன்னேற்றம். அந்த முன்னேற்றம் ஆற்றின் அடிவயிற்றில் இருந்து லாரியில் ஏறி வந்தது. 2003-ல் அரசே மணல் குவாரியை எடுத்து நடத்த ஆரம்பித்தது. கணக்கில் வந்தது எவ்வளவு, ராத்திரியில் போனது எவ்வளவு என்பது வேறு கதை.

மணல் வெறும் கட்டட சாமான் இல்லை. தண்ணீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு அது. ஆறு வற்றின கோடையிலும் கையால் ஊற்றுத் தோண்டினால் தெளிந்த தண்ணி ஊறும். படுகை இறங்கினால் கரையோரக் கிணறும் இறங்கும். வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வருஷம் பூராத் தண்ணீர் வேண்டும், போரை இன்னும் ஆழமாக இறக்குவார்கள். மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருக்கிறது, அதனால் எவ்வளவு இறைக்கிறோம் என்பது பில்லில் தெரியாது.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது, திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வடக்கே 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி ஆற்றோடு போனது. சில நாள் கழித்து, 22-ந்தேதி ராத்திரி, முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகு போச்சு. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டியது. கொள்ளிடம் பள்ளமாகிக் காவிரித் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது என்பதற்காகத்தான் அவர் அந்த அணையையே கட்டினார். 182 வருஷம் கழித்து விவசாயிகள் சொன்ன காரணமும் அதே பள்ளம்தான். இந்தத் தடவை அதை வெட்டியது ஆறு இல்லை, பொக்லைன் என்றார்கள்.

எந்தக் காலத்தில் பிறக்க ஆசை என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இப்போதுதான் என்பேன், அதுவும் நிலமில்லாத வீட்டில் பிறப்பதாக இருந்தால் நிச்சயமாக. ஆனால் இந்த நல்ல காலத்துக்கான செலவில் ஒரு பங்கை நாம் இன்னும் கட்டவில்லை. வரைபடம் போடுகிறவர்கள் அந்தக் கோட்டைப் போடுவதில்லை. டீக்கடைப் பெரியவர் தன் கிணற்றில் அதைத்தான் பார்க்கிறார், காலத்தைத் திட்டுகிறார்.

இப்போது எம்-சாண்ட் வந்திருக்கிறது, பாறையை உடைத்துச் செய்வது. ஆற்று மணலுக்கு நல்ல மாற்று என்கிறார்கள். ஆறு கொஞ்சம் மூச்சு விடலாம். அடுத்த கணக்கை மலைகளிடம்தான் கேட்கணும்.