பிள்ளையார் சந்நிதியில் இருந்த கற்கோடரி

ஏற்காடு என்றால் நமக்கு ஏரி, படகு, பகோடா பாயிண்ட், காபித் தோட்டம். அவ்வளவுதான். ஆனால் இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழையவன் என்று தேடத் தொடங்கிய ஆளின் வீடு இந்த மலையில்தான் இருந்தது. பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

1834இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். பாறைகளை ஆராய்ந்து வரைபடம் போடுவது வேலை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழியில் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். அவருக்கு முன்னால் எத்தனை பேர் அதே மாதிரிக் கல்லை மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள்! பிரான்சில் கிடைத்த இத்தகைய கற்கள் பழங்கால மனிதன் செய்தவைதான் என்று ஐரோப்பிய அறிஞர்களே 1859இல்தான் ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

அதே 1863இல் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்கே கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்கே வயது 3 லட்சம் ஆண்டுகள்தான். ஆக, தமிழ்நாட்டில் தொழில்நுட்பத்தைத் தொடங்கி வைத்தவர்கள் நாம் இல்லை!

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். ஃபூட்டின் மனைவி, பீட்டர் பெர்சிவலின் மகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கினாரே, அதே பெர்சிவல். அவர் 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். ஃபூட்டும் ஓய்வுக்குப் பிறகு இங்கே வாழ்ந்தார்.

சேர்வராயன் மலையில் அவருக்குக் கிடைத்தவை வேறு ரகம். மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகள். அவற்றில் பல மண்ணுக்குள் இல்லை. மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலைக்காரர்கள்) அவற்றைப் பொறுக்கிச் சிறு பிள்ளையார் சந்நிதிகளில் வைத்திருந்தார்கள். இது சாதாரணக் கல் இல்லை என்று ஃபூட் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தக் காலத்துக் கல் என்று சொன்னது ஃபூட். எனக்கு இரண்டுமே அறிவாகத்தான் படுகிறது. ஆனால் புத்தகங்களில் ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர்.

அவருடைய சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அதில் சேர்வராயன் கற்களும் உண்டு. அங்கே போனதால்தான் அவை தொலையாமல் தப்பின. அதை மறுக்க முடியாது. மலைக்காரர்கள் அவற்றைப் பார்க்க எழும்பூர் வரை வரவேண்டும் என்பதும் உண்மை.

இந்த மலையின் சார்னோக்கைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அது மழையிலும் வெயிலிலும் மெல்ல மெல்லச் சிதைந்து மலையுச்சிகளில் பாக்சைட் ஆனது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அதை வெட்டி எடுக்கச் சில பத்தாண்டுகள் போதுமாக இருந்தது. கற்கோடரியும் கல்லை வெட்டிச் செய்ததுதான், ஆனால் அளவைப் பாருங்கள்...

இன்று கற்கருவிகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். செதுக்கிய ஒவ்வொரு அடியும் தெரிகிறது. கல்லின் கனம் மட்டும் தெரியாது. சேர்வராயன் கோடரிகளையும் அப்படிப் படமாக்கி ஏற்காட்டுப் பள்ளிகளுக்குக் கொடுத்தால் என்ன? எந்த ஊரில், எந்தச் சந்நிதியில் எடுத்தது என்ற விவரத்தையும் சேர்த்துத்தான்.

ஃபூட் 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய நினைவுச் சின்னம் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. படகுச் சவாரி முடிந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.