கையில் ஒட்டிய கபாலம்: வீடியோ கேம் அடிமைநிலைக்கு ஆளாகக்கூடியவர் யார்?

1. தலபுராணம்

மேல்மலையனூர் அம்மன் கோயிலில் சொல்லும் கதை இது. பிரமனின் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொள்கிறது. அதில் விழும் பிச்சையையெல்லாம் அதுவே தின்றுவிடுகிறது. ஏந்தியவருக்கோ தீராத பசி. அம்மன் சோற்றைத் தரையில் இறைக்க, தின்னும் ஆசையில் கபாலம் கீழே இறங்குகிறது. காலால் மிதித்து அடக்குகிறாள்.

அதே கோயிலில் ஓர் அமாவாசை இரவு, ஊஞ்சல் உற்சவக் கூட்டம். பம்பைச் சத்தத்திலும் போனைவிட்டுக் கண்ணெடுக்காமல் ஒரு பையன். "காத்து கருப்பு ஏதோ பட்டிருக்கு சார்" என்றார் அவன் அம்மா. அம்மன் மூலவராய் இருக்கும் ஊரில் அந்தச் சொல்லைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை.

2. வரையறை

உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாதம் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இருக்கிறது. விளையாட்டு கட்டுக்குள் நிற்பதில்லை; படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குப் பின்னால் போய்விடுகின்றன; கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் விடமுடிவதில்லை. பொதுவாக இந்த நிலை ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும். இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்ற கணக்கு அதில் இல்லை. மே விடுமுறையில் நாளெல்லாம் ஆடிவிட்டு, ஜூனில் பள்ளிக்குப் போய்விடுகிறவன் நோயாளி அல்லன்.

3. யாருக்கு இடர்?

சிங்கப்பூரில் 3,034 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளியானது. ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பேர் சிக்கலான நிலையில் இருந்தார்கள். யோசிக்காமல் சட்டென்று செய்துவிடும் இயல்பு, நாலு பேரோடு பழகத் தெரியாமை, அதிக நேர ஆட்டம் ஆகிய மூன்றும் முன்னறிகுறிகளாக நின்றன. மனச்சோர்வும் பதற்றமும் மதிப்பெண் சரிவும் பின்விளைவுகளாக வந்தன. சோர்வுதான் ஆட்டத்துக்குத் தள்ளியது என்று மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வண்டி இரண்டு பக்கமும் ஓடுகிறது. கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கும், பெண்களைவிட ஆண்களுக்கும் இடர் கூடுதல் என்பது பல நாடுகளில் கண்டது.

விளையாட்டுக்காரனை மட்டும் ஆராய்ந்தால் பாதிதான் தெரியும். ஃப்ரீ ஃபயர் கேம் ஆடும் பையனைப் பாதியில் எழுந்து வரச் சொல்லிப் பாருங்கள். "ஸ்குவாடு விட்டுட்டு எப்படி வர்றது?" என்பான். வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாதவனுக்கு அங்கே அவன் அணியில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். எப்போது என்ன பரிசு விழும் என்று தெரியாதபடி ஆட்டத்தை அமைத்ததும் தற்செயல் அல்ல. அப்பா வெளியூர் வேலையிலும் பிள்ளை பாட்டி வீட்டிலுமாக இருக்கும் குடும்பங்களைத்தான் நான் முதலில் கவனிக்கச் சொல்வேன். ஊரடங்கு நாளில் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போன் அந்த வீடுகளில் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

4. சட்டம்

தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025 பிப்ரவரி விதிகள் பணம் கட்டி ஆடுவதை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடுத்தன. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் பண ஆட்டத்தையே தடைசெய்தது. இந்தத் தடைகள் எல்லாம் பண ஆட்டத்தைப் பற்றியவை. பந்தயம் கட்டாமல் வெறும் ரேங்க்குக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் பதினைந்து வயதுக்காரனுக்கு இவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை.

5. மீட்பு

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014இலேயே இதுபோன்ற தொழில்நுட்ப அடிமைநிலைக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. போனைப் பிடுங்கி உடைப்பது சிகிச்சை ஆகாது. தலபுராணத்திலும் கபாலத்தை யாரும் கையிலிருந்து பிடுங்கவில்லை. வேறிடத்தில் சோறு போட்டார்கள். மைதானம், கூட்டாளி, அடியில் ஒளிந்திருக்கும் சோர்வுக்கோ கவனக்குறைவுக்கோ வைத்தியம் எல்லாம் அந்தச் சோற்றில் சேரும்.

எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்குங்கள், தவறில்லை. ஊர் திரும்பியதும் 14416க்கும் ஒரு போன் போடுங்கள். டெலி மனாஸ் மனநல ஆலோசனை அது. தமிழிலேயே பேசலாம், இரவு பகல் எந்நேரமும், கட்டணம் கிடையாது.