முழங்கால் மூட்டுத் தேய்மானம்: எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லோருக்கும் தேவையா? முழு விளக்கம்

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கு, கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். முட்டி வலியோடு மருத்துவமனைக்கு வரும் பெரியவர்கள் பலரிடம் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: "எக்ஸ்ரே எடுத்தாச்சு, எம்.ஆர்.ஐ.யும் எடுத்துப் பார்த்துடலாமா?" பல ஆயிரம் ரூபாய் செலவாகும் விஷயம் என்பதால், இதற்கான பதிலைத் தெரிந்துகொள்வது நல்லது.

எக்ஸ்ரே எதைக் காட்டும்?

முழங்காலில் எலும்புகள் சேரும் இடத்தை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். அது தேய்வதைத்தான் மூட்டுத் தேய்மானம் என்கிறோம். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி குறைந்திருக்கிறதா, ஓரங்களில் எலும்பு முள் போல வளர்ந்திருக்கிறதா என்பதை வைத்தே தேய்மானத்தைக் கணிக்கிறார்கள்.

அதனால்தான் நின்றபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். படுத்து எடுத்தால் உடல் எடை காலில் இறங்காது; இடைவெளி நன்றாக இருப்பதுபோலத் தோன்றலாம்.

தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை 1957-ல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற மருத்துவர்கள் வெளியிட்டார்கள். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் வரும் 'கிரேடு' பெரும்பாலும் இதுதான். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ஜவ்வுக்குப் போடும் கிரேடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. எதைக் காட்டும்?

காந்தமும் ரேடியோ அலைகளும்தான் இதில் வேலை செய்கின்றன. கதிர்வீச்சு பயம் இல்லை. குருத்தெலும்பு, ஜவ்வு, தசைநார், எலும்புக்குள் இருக்கும் நீர்க்கோர்ப்பு என எல்லாமே தெரியும்.

அப்படியென்றால் எடுத்துவிடலாமே?

இங்கேதான் சிக்கல். வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் கோளாறு தெரியும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முட்டி வலியே இல்லை. இது 2008-ல் வெளியான ஆய்வு. 2012-ல் வெளியான இன்னொரு ஆய்வில், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியாத 710 பேரில் 89 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் ஏதாவது ஒரு மாற்றம் தெரிந்தது.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் மனசு பதறும். அடுத்து நுண்துளை அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். ஆனால் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தேய்மானம் உள்ள 180 பேரிடம் நடந்து, 2002-ல் வெளியான ஆய்வில், நிஜமாகவே மூட்டைச் சுத்தம் செய்தவர்களுக்கும், தோலை மட்டும் கீறித் தைத்தவர்களுக்கும் வலி குறைவதில் வித்தியாசம் இல்லை.

45 வயதைத் தாண்டியவருக்கு, நடந்தால் வலி, காலையில் விறைப்பு இல்லை அல்லது அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடுகிறது என்றால், ஸ்கேன் இல்லாமலே மூட்டுத் தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

எப்போது எம்.ஆர்.ஐ. அவசியம்?

* விழுந்து அடிபட்ட பிறகு முட்டி திடீரென வீங்கினால்
* காலை நீட்ட முடியாமல் பூட்டியதுபோல மாட்டிக்கொண்டால்
* எக்ஸ்ரே சாதாரணமாக இருந்தும் வலி கடுமையாக இருந்தால்
* ஓய்விலும் ராத்திரியிலும் வலி விடாமல் இருந்து, கட்டி போன்ற வேறு காரணம் இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகித்தால்

காய்ச்சலோடு முட்டி சிவந்து வீங்கினால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேஸ்மேக்கர், காது உள்வைப்புக் கருவி இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

செலவை எங்கே போடலாம்?

தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, எடைக் குறைப்பு, நடை. சிகிச்சையின் அடிப்படை இவைதான். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டியில் இறங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்கிறது 2005-ல் வெளியான ஓர் ஆய்வு. கடற்கரைச் சாலையில் மாலை நடைக்குச் செலவே இல்லை.

ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் மருத்துவரிடம் தயங்காமல் ஒன்று கேளுங்கள்: "இதுல என்ன வந்தா என் சிகிச்சை மாறும், டாக்டர்?" தெளிவான பதில் கிடைத்தால் எடுக்கலாம். எதுவும் மாறாது என்றால், அவசரப்படத் தேவையில்லை.